மூச்சு வாங்குவதற்கு வயது மட்டுமா காரணம்?

கேள்வி: எனக்கு வயது 63. முப்பது ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவன். ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளையும் உட்காராமல் ஏறிவந்த நான், இந்த ஆண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்துவிட்டேன். வயதானால் மூச்சு வாங்கத்தானே செய்யும்? (ஒரு வாசகர், நகரி)

பதில்: வாங்கும், ஆனால் ஒரே ஆண்டில் இப்படி வாங்காது. இருபத்தைந்து வயதைத் தாண்டியபின், முழு மூச்சையும் இழுத்து முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு, குறைந்துகொண்டே வருகிறது. விலா எலும்புகளைப் பிணைக்கும் குருத்தெலும்பு இறுகி, விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கும் தன்மையும் தளர்வதால், வெளியேற வேண்டிய காற்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. படியேறும் வேகத்தில், அதன் மேலேயே அடுத்த மூச்சை இழுக்க, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றால் சற்று இதமாக இருப்பது, அந்த உழைப்பில் தோள், கழுத்துத் தசைகளும் பங்குகொள்வதால்தான்.

இவை அனைத்தும் மெல்ல நடப்பவை. இரண்டு மேசைக்கரண்டிக் காற்று குறைந்ததற்காக எவரும் மூன்று இடத்தில் உட்காருவதில்லை. ஆகவே பழியை வயதின் மேல் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஆண்டுக்கணக்கில் சுவாசித்த பஞ்சுத் தூசியோ, பீடிப் பழக்கம் இருந்தால் அதுவோ, இரத்தசோகையோ, இதய இரத்தக்குழாய் அடைப்போ காரணமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பாக மட்டும் அந்த அடைப்பு வெளிப்படுவதும் உண்டு. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின் ஆகிய மூன்றையும் தாமதமின்றிப் பார்த்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ குளிர்ந்த வியர்வையோ சேர்ந்து வந்தால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முடிவு தெரியும்வரை மலைப்படி வேண்டாம். பின்னர் மருத்துவர் அனுமதித்தால் நடையை நிறுத்தாதீர்கள். அசையாமல் இருப்பவர்களின் உடல் திறன் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு குறைய, தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு அதில் பாதியளவே குறைகிறது. மருத்துவரிடம் போனதும் "வயதாகிவிட்டது" என்று தொடங்காமல், "சென்ற ஆண்டு உட்காராமல் ஏறினேன், இந்த ஆண்டு மூன்று முறை உட்கார்ந்தேன்" என்று எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள்.