படி இறங்கினால் முட்டி வலிக்கிறது, தையல் விட்டுப்போயிருக்குமா?

கேள்வி: எனக்கு 32 வயது. சேலத்தில் ஒரு வங்கியில் வேலை. ஷட்டில் ஆடும்போது வலது முட்டி சட்டென்று திரும்பி, மடங்கிய காலை நீட்டவே முடியாமல் சிக்கிக்கொண்டது. எம்ஆர்ஐ எடுத்ததில், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ், உள்பக்கத்தில் வாளிக் கைப்பிடி மாதிரி கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். சின்னத் துளைகள் வழியாக ஆபரேஷன் செய்து தையல் போட்டார்கள். 11 வாரம் ஆகிறது. ஆறு வாரம் பிரேஸும் கிரட்சஸுமாக இருந்தேன். அப்புறம் கொஞ்ச நாள் பிசியோதெரபிக்குப் போனேன், வேலைக்குத் திரும்பியதும் அது நின்றுபோயிற்று. இப்போது படி இறங்கும்போது முட்டிக்கு முன்னால் வலிக்கிறது. சாயங்காலம் வீங்குகிறது. முட்டியின் உள்பக்கத் தோல் மரத்த மாதிரி இருக்கிறது. சில நேரம் 'டக்' என்று சத்தம் வருகிறது, ஆனால் அப்போது வலிப்பதில்லை. கணவரின் நண்பர் இதே ஆபரேஷன் முடிந்து இரண்டே வாரத்தில் வேலைக்குப் போய்விட்டார். எனக்குத் தையல் விட்டுப்போயிருக்குமா? மறுபடி ஸ்கேன் எடுக்கட்டுமா? எப்போது தரையில் உட்காரலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தையல் விட்டுப்போனதற்கான அடையாளம் குறைவு. உங்களுக்கு வலி இருக்குமிடம் முட்டியின் முன்பக்கம். அதுவும் படி இறங்கும்போது. அது பெரும்பாலும் முட்டிச்சில்லிலிருந்து வரும் வலி. தொடையின் முன்தசை மெலிந்துபோனதால் வருவது. தைத்த இடம் அங்கே இல்லை, மூட்டின் இடுக்கில், பெரும்பாலும் பின்பக்கமாக இருக்கும். ஆனால் சாயங்கால வீக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிசியோதெரபியை நிறுத்தியதும் சரியல்ல. உங்களுக்கு இப்போது தேவையானது ஸ்கேன் அல்ல, அந்தப் பயிற்சிதான்.

முதலில் அந்த நண்பரின் கதையைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலரை வலியைவிட இந்த ஒப்பீடுதான் அதிகம் வாட்டுகிறது. நம் ஊரில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்பார்கள். எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் ஒன்று. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். மெனிஸ்கஸ் ஆபரேஷனிலேயே இரண்டு வகை உண்டு. கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டால் உள்ளே ஆற வேண்டியது அதிகமில்லை. அடுத்த நாளே காலை ஊன்றலாம், சில வாரங்களில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம். தைத்தால் கதை வேறு. தையல் நூல் கிழிந்த விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். ஒட்ட வைக்க வேண்டியது உடம்பு, அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ரிப்பேர்' என்று இருக்கும். நண்பருடையதை வாங்கிப் பாருங்கள், அநேகமாக 'மெனிசெக்டமி', அதாவது வெட்டி எடுத்தது, என்று இருக்கும்.

அப்படியானால் உங்களுக்கும் வெட்டி எடுத்திருக்கலாமே என்று தோன்றும். மருத்துவர்கள் நீண்ட காலம் அதைத்தான் செய்தார்கள். 1883-லேயே எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் என்ற அறுவை மருத்துவர் கிழிந்த மெனிஸ்கஸைத் தைத்துக் காட்டினார். ஆனாலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, கிழிந்தால் எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. 1948-ல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர், மெனிஸ்கஸை எடுத்த முட்டிகளின் எக்ஸ்ரேக்களில் எலும்பு இடைவெளி குறைவதையும் எலும்பின் வடிவம் மாறுவதையும் எழுதினார். பிறகுதான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. கால் நேராக இருக்கும்போது முட்டி வழியே போகும் பாரத்தில் ஏறக்குறைய பாதியை, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இருக்கும் இரண்டு மெனிஸ்கஸ்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. 90 பாகை மடங்கும்போது அது 85 சதவீதம் வரை போகிறது. 32 வயதில் பெரிய துண்டாக இதை இழந்தால், பின்னாளில் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடும். உங்கள் மருத்துவர் தைக்க முடிவெடுத்தது உங்களுடைய ஐம்பது, அறுபது வயதை நினைத்து.

எல்லாக் கிழிசலையும் தைக்க முடியாது. மெனிஸ்கஸின் வெளி விளிம்புக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள்ளே போகப் போக அது இல்லை. ரத்தம் வராத இடத்தில் ஆறுவது கடினம். வாளிக் கைப்பிடிக் கிழிசல் பல நேரம் அந்த விளிம்பை ஒட்டி நீளவாக்கில் போகும், அதனால் தைக்க ஏற்றது. நேராக நின்று ஊன்றும்போது இந்த வகைக் கிழிசலின் விளிம்புகள் ஒன்றோடொன்று நெருங்கவே செய்யும். அதனால்தான் பிரேஸ் போட்டு நடக்க விடுகிறார்கள். ஆனால் மெனிஸ்கஸ் எலும்போடு பிடித்திருக்கும் வேர்ப்பகுதி பிய்ந்து தைத்தவர்களை ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கவே விடமாட்டார்கள். ஊன்றினால் அங்கே விளிம்புகள் விலகும். ஆகவே தைத்தவர்களுக்குள்ளும் ஒருவருக்குச் சொன்ன விதி இன்னொருவருக்குப் பொருந்தாது.

சரி, உங்கள் முட்டிக்கு வருவோம்.

முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால், தொடை முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலம் தானாகவே குறைத்துவிடும். வலி இல்லாவிட்டாலும் இது நடக்கும். தசை மெலியும். மெலிந்த தசையால் படி இறங்கும்போது உடம்பின் பாரத்தை மெல்ல இறக்க முடியாது, முட்டிச்சில்லு அழுந்தும், வலிக்கும். வலித்தால் அந்தக் காலை ஒதுக்கி நடப்பீர்கள், தசை இன்னும் மெலியும். இந்தச் சுழலில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே இரண்டு விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள்.

காலையில் எழுந்ததும் காலை நீட்டிப் படுத்தபடி முட்டிச்சில்லின் உள்பக்கம் பாருங்கள், சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும். உள்ளங்கையால் அந்தப் பள்ளத்தைக் கீழிருந்து தொடையை நோக்கி இரண்டு மூன்று முறை நீவுங்கள். பிறகு முட்டியின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை நீவுங்கள். உள்பக்கப் பள்ளம் மெல்ல நிரம்பி வந்தால் உள்ளே நீர் இருக்கிறது. சாயங்காலம் வந்த வீக்கம் காலையில் வடிந்துவிட்டால், முந்தைய நாள் செய்தது சற்றே அதிகம், கொஞ்சம் குறைத்தால் போதும். காலையிலும் அப்படியே நின்றால், அதுவும் நாளுக்கு நாள் கூடினால், மருத்துவரைப் பாருங்கள். வலியைவிட இந்தக் காலை வீக்கத்தை அளவுகோலாக வையுங்கள். மாத்திரை போட்டால் வலி மறைந்துவிடும், உள்ளே இருக்கும் நீர் அவ்வளவு எளிதில் போகாது.

அடுத்தது தொடை. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே குறித்து, இரண்டு தொடைகளின் சுற்றளவையும் எடுங்கள். வலது தொடை மெலிந்திருக்கும், பார்த்ததும் மனம் கஷ்டப்படும். பரவாயில்லை, எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

பயிற்சியில் முதலில் பார்க்க வேண்டியது, கால் முழுதாக நீள்கிறதா என்பது. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் பின்பக்கத்தைக் கீழே அழுத்துங்கள். இடது கால் அளவுக்கு வலது கால் நேராகிறதா? ஆகவில்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும். நொண்டலுக்கும் முன்பக்க வலிக்கும் அதுவே காரணமாக இருக்கும். இதமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம், கால் மடங்கியபடியே இறுகிவிடும்.

பிறகு தொடைத் தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடிப்பது, காலை மடக்காமல் தூக்குவது. தூக்கும்போது முட்டி தொய்ந்து கொஞ்சமாவது மடங்கினால், தசை இன்னும் தயாராகவில்லை. மடங்காமல் தூக்க முடிந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்: நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கி, கையை ஊன்றாமல் மெல்ல உட்கார்ந்து எழுவது, சுவரில் முதுகைச் சாய்த்து 45 பாகை வரை மட்டும் இறங்கி நிற்பது.

உங்கள் வலிக்கு நேரடி மருந்து, படி இறங்குவதையே சின்ன அளவில் பழகுவதுதான். வீட்டில் மணைப்பலகை இருந்தால் அதன்மேல் வலது காலால் நில்லுங்கள். இடது குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று எண்ணி மெல்ல இறங்கி, மறுபடி ஏறுங்கள். கண்ணாடி முன் செய்யுங்கள், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, இரண்டாவது கால்விரலுக்கு நேரே இருக்க வேண்டும். பத்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலையில் வலியும் வீக்கமும் கூடியிருக்கக் கூடாது. இது வசப்படும் வரை வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து, ஏறும்போது இடது காலை முதலிலும் இறங்கும்போது வலது காலை முதலிலும் வைத்துப் போங்கள்.

தொடையின் பின்தசைக்கு எடை கட்டி மடக்கும் பயிற்சியை யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். அந்தத் தசையின் ஓர் இழை உள்பக்க மெனிஸ்கஸின் பின்முனையோடு சேர்ந்திருக்கிறது, இழுத்தால் தைத்த இடத்தையும் இழுக்கும். மருத்துவரின் அனுமதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தரையில் உட்காருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஆழமாக மடக்கும்போது தொடை எலும்பு பின்னால் உருண்டு, மெனிஸ்கஸின் பின்பகுதியை நசுக்குகிறது. பெரும்பாலும் தைத்திருப்பது அங்கேதான். குத்தவைப்பது, சம்மணம் போடுவது, முட்டி போட்டுக் கும்பிடுவது மூன்றுக்கும் வழக்கமாக நான்கிலிருந்து ஆறு மாதம் சொல்வார்கள், உங்கள் மருத்துவர் சொல்லும் நாளே கணக்கு. இவற்றில் எதைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டும் என்று கேட்டால், குத்தவைத்த நிலையிலிருந்து எழுந்தபடியே உடம்பைத் திருப்புவதைச் சொல்வேன். மடக்கலும் பாரமும் முறுக்கலும் ஒன்றாகச் சேர்வது அதில்தான். கோலம் போட்டுவிட்டு எழுவது, கீழ் அலமாரியிலிருந்து பாத்திரம் எடுத்துத் திரும்புவது, இந்தியக் கழிப்பறை, எல்லாம் இதே கணக்கு. அம்மா வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால், நடுவில் துளை வைத்த ஸ்டூல் மருந்துக்கடைகளில் கிடைக்கும், ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். அழைத்த வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்காரும்போது ஒருவர் மட்டும் நாற்காலி கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். கேளுங்கள்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. ஓட்டினால், வண்டியைக் காலால் தள்ளிப் பின்னுக்கு எடுப்பதையும் வலது காலை ஊன்றித் திருப்புவதையும் தவிருங்கள். ஓடும் பேருந்திலிருந்து இறங்கவே கூடாது.

மரத்துப்போன தோலைப் பற்றி அஞ்ச வேண்டாம். உள்பக்கத் தையலின்போது அங்கே ஓடும் மெல்லிய தோல் நரம்பு தொந்தரவுக்கு உள்ளாவது சகஜம். மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குச் சிறு இடம் மரத்தே இருந்துவிடும், காலின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலியில்லாத 'டக்' சத்தத்துக்கும் அஞ்ச வேண்டாம்.

வலி தாங்காத நாளில் பாரசிட்டமால் போதும். மற்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடாதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சாயங்காலம் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் தடவி அழுத்தி உருவி விடுவது, இழுத்து மடக்கிவிடுவது இரண்டும் வேண்டாம். அன்போடு செய்ய வருவார்கள், இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

இனி மறு ஸ்கேன். நன்றாக ஆறிய மெனிஸ்கஸ்கூட எம்ஆர்ஐயில் நீண்ட காலம் கிழிசல் மாதிரியே வெளிறித் தெரியும். அறிகுறி இல்லாமல் எடுத்தால் குழப்பமும் செலவும்தான் மிஞ்சும். ஆனால் முட்டி மறுபடி சிக்கி நீட்ட முடியாமல் போனால், உள்பக்க மூட்டு இடுக்கில் விரல் வைத்துக் காட்டும்படி கூர்மையான வலி இருந்தால், திரும்பும்போது 'சுரீர்' என்று இழுத்து அன்றே வீங்கினால், தாமதிக்காமல் உங்கள் அறுவை மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் வேண்டுமா என்பதை அவர் பரிசோதித்துச் சொல்வார். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருந்தாலோ காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, அன்றைக்கே போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

உங்களிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தைத்த மெனிஸ்கஸ்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று காலப்போக்கில் முழுதாக ஒட்டாமலோ மறுபடி கிழிந்தோ போகிறது. நீங்கள் பயிற்சி செய்யாததால்தான் அப்படி ஆனது என்று யாரும் சொல்லிவிட முடியாது, கிழிந்த இடமும் ரத்த ஓட்டமும் காரணம். உங்கள் கையில் இருப்பது ஆழமாக மடக்காமல் இருப்பது, தொடையைத் தேற்றுவது. வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், புகை திசு ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஷட்டிலுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் போக நினைக்க வேண்டாம். தேதியைவிட முக்கியம், வலது தொடையின் பலம் இடதில் 90 சதவீதமாவது இருப்பதும், ஒற்றைக்காலில் தாவி இறங்கும்போது முட்டி ஆடாமல் நிற்பதும், மறுநாள் வீங்காமல் இருப்பதும். இதை உங்கள் பிசியோ சோதித்துச் சொல்வார், அதனால் இந்த வாரமே அவரிடம் திரும்பிப் போங்கள். தினமும் நேரம் கிடைக்காவிட்டால் வாரம் ஒருமுறை போய்ப் பயிற்சியைச் சரிபார்த்துக்கொண்டு, மீதி நாள் வீட்டில் செய்யலாம். அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தையல் எந்த இடத்தில், இப்போது எத்தனை பாகை வரை மடக்கலாம், பின்தசைப் பயிற்சியை எப்போது தொடங்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு, காலை வீக்கத்தையும் தொடை அளவையும் எழுதிய நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.