பக்கத்து மாநிலத்தோடு கரண்ட் கொடுக்கல் வாங்கல்: வாசகர் கேள்விகள்

1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் கேரளத்துடனான மின் உறவு முடிந்துவிட்டதா? (குழித்துறை வாசகர்)

இல்லை. கேரளத்தின் பாறசாலைக்கும் உங்கள் குழித்துறைக்கும் நடுவே 110 கே.வி. (கிலோவோல்ட்) மின்பாதை இருக்கிறதே! திருவிதாங்கூர் அரசு 1940-இல் மூணாறு அருகே பள்ளிவாசல் என்ற ஊரில் நீர்மின்சாரம் எடுத்தபோது நாமும் அந்த அரசின் கீழ்தான் இருந்தோம். 1957-இல் இரு மாநிலங்களுக்கும் தனித்தனி மின்வாரியம் வந்தது. ஆளுக்கொரு பக்கமாக நின்றால் ஒருவரிடம் உபரி, அடுத்தவரிடம் தட்டுப்பாடு. அதனால்தான் 1964-இல் மத்திய அரசு மண்டல மின்வாரியங்களை அமைத்தது. தென்மண்டலத்துக்குத் தலைமையிடம் பெங்களூரு. எந்த மின்நிலையத்தை எப்போது பராமரிப்புக்கு நிறுத்துவது என்பதைக்கூட மாநிலங்கள் கூடிப் பேசி முடிவு செய்யும் ஏற்பாடு இது. இந்த உழைப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, பேசவேண்டும்.

முப்பந்தல் காற்றாலைகள் ஆனி, ஆடியில் ஓயாமல் சுற்றுகின்றன. அந்தக் கரண்ட் எங்கே போகிறது? (ஆரல்வாய்மொழி)

நல்ல கேள்வி. உங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வலுப்பது மே முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டின் தேவையோ அதற்கு முன்பே, கோடையில் உச்சத்துக்குப் போய்விடும். மின்சாரத்தை நெல் மாதிரி பத்தாயத்தில் கொட்டிவைக்க முடியாது. ஆகவே கைமாற்று: காற்றுக் காலத்தில் வட மாநிலங்களுக்குக் கொடுத்து, நம் கோடையில் யூனிட்டாகவே திரும்ப வாங்குவது. பஞ்சாபில் நெல் நடவு ஜூனில் சூடுபிடிக்கும். அவர்களுக்கும் அப்போதுதான் தேவை அதிகம்.

ஆனால் கொண்டுபோக வழி வேண்டுமே. 2013 டிசம்பர் 31-இல் கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் இடையே 765 கே.வி. பாதை வந்த பிறகுதான் தென்னகமும் மற்ற பகுதிகளும் ஒரே மின்தொகுப்பாயின. அதற்கு முன் காற்று இருந்தும் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்கள் உண்டு. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது நாம் தப்பியது எப்படி? (நாகர்கோவில்)

அப்போது வடக்கோடு நமக்கு இருந்த பெரிய இணைப்புகள் டி.சி. (நேர்மின்சாரம்) முறையில் இருந்தன. அங்கே அலைவெண் (மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை மாறி மாறிப் பாய்கிறது என்ற எண்ணிக்கை) சரிந்தாலும் இங்கே தொற்றாது. இப்போது நாடு முழுவதும் ஒரே 50 ஹெர்ட்ஸ். இங்கே ஓர் அணுஉலை திடீரென நின்றால் வடக்கே உள்ள நிலையங்களும் சேர்ந்து தாங்கும். ஒருவர் ஒழுங்கு தவறினால் பாதிப்பும் எல்லாருக்கும்தான்.

கூடங்குளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முழுவதையும் நமக்கே தந்தால் என்ன? (குளச்சல்)

அது மத்திய அரசின் நிலையம். முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67 என்று பங்கிட்டார்கள். மீதியை மத்திய அரசு தேவை பார்த்து ஒதுக்கும். மழை பொய்த்து இடுக்கி அணை வற்றும் ஆண்டில் கேரளத்துக்கு அந்த 266 பெரிய உதவி. 2019-இல் கேரளத்துக்குள் இடமண்–கொச்சி 400 கே.வி. பாதை முடியும்வரை அந்தக் கரண்ட் உடுமலைப்பேட்டை வழியாகச் சுற்றிப் போகவேண்டியிருந்தது.