ஸ்கூட்டர் ஏறும் வாகனம் எது?

கேள்வி: நடக்கச் சிரமப்படும் அம்மாவுக்கு, உட்கார்ந்து ஓட்டும் நான்கு சில்லு மின் ஸ்கூட்டர் இருக்கிறது. வீட்டில் நால்வர். அதையும் ஏற்றிப் போக சுசுகி வெகன் ஆர் காரா, சுசுகி எவ்ரி வேனா? – வாசகி, ஹட்டன்

பதில்: எவ்ரி. வெகன் ஆரில் பின் சீற்றின் ஒரு பாதியையாவது மடித்தால்தான் இடம் வரும். நாலாவது ஆள் பஸ்ஸில்தான். எவ்ரியின் தளமும் தரையிலிருந்து சற்று உயரம்தான். வாங்குமுன் டிக்கி வாயின் மிகக் குறுகிய அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். டிக்கியின் கொள்ளளவைச் சொல்லும் லீட்டர் கணக்கு உதவாது.

ஸ்கூட்டர் பாகம் பாகமாகக் கழற்றும் ரகமென்றால் மோட்டார் உள்ள பின்பகுதியே பாரம். பற்றரியை முதலில் எடுங்கள். பலகை வைத்து ஏற்றினால், வாகனத்தின் பின்புறம் மேட்டைப் பார்க்கட்டும். பலகையின் சரிவு குறையும். ஃப்ரீவீல் நெம்பை (ஸ்கூட்டரைக் கையால் தள்ள மோட்டாரை விடுவிக்கும் பிடி) சரிவில் தொடவே வேண்டாம்: மோட்டார் பிரேக்கும் விடுபட்டு ஸ்கூட்டர் உருண்டுவிடும். ஏற்றியதும் பட்டியால் இறுக்குங்கள், றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் சும்மா நிற்காது.