லீவர் ஆடினால் கியர்பாக்ஸைத் திட்டாதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கியர் லீவர் பற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: என்னிடம் 1992-ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. கியரில் போட்ட பிறகும் லீவர் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. நியூட்ரலில் இருக்கிறேனா, மூன்றாவதில் இருக்கிறேனா என்று கைக்குத் தெரிவதில்லை. குறிப்பிட்ட வேகத்தில் லீவரே கிர்ரென்று அதிர்கிறது. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இறக்க வேண்டாம், பொறுங்கள். பழுது கியர்பாக்ஸிலா, லீவரிலா என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போடுங்கள். ஒன்றிரண்டு முட்டிக்கொண்டு நின்றால் பயப்படாதீர்கள். உள்ளே பற்கள் நேருக்கு நேர் நிற்கின்றன, அவ்வளவுதான். வண்டியை ஒரு சாண் உருட்டிவிட்டு மறுபடி போட்டால் விழும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரவென்று உரசினால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் (கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியரும் முரண்டு பிடித்து, ரிவர்ஸ் போடும்போது கத்தினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். இரண்டும் இல்லாமல், கியர் எல்லாம் ஒழுங்காக விழுகிறது, கைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை என்றால் புஷ் (லீவர் ஆடாமல் அணைத்துப் பிடிக்கும் சின்ன உறைத் துண்டு) போய்விட்டது. உங்கள் கடிதம் மூன்றாவது வகை மாதிரித்தான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 (1989 முதல் 1997 வரை வந்தது) இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத் தோதான வண்டி. நீளமான ராடு, கேபிள் எதுவும் கிடையாது. லீவர் நேராகக் கியர்பாக்ஸின் கழுத்துக்குள் இறங்குகிறது. லீவரின் நடுவில் ஒரு பெரிய உருண்டை, அடி நுனியில் ஒரு சின்ன உருண்டை. பெரியதைச் சுற்றி ஒரு நைலான் புஷ், அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்க அலை அலையாக வளைந்த ஒரு வாஷர். சின்னதின் மேல் தொப்பி மாதிரி இன்னொரு நைலான் புஷ். உங்கள் கை உணர்வது எல்லாம் இந்த இரண்டு துண்டுகள் வழியாகத்தான் வருகிறது. முப்பது வருடச் சூட்டில் நைலான் மஞ்சளாகி, மொறுமொறுத்து, கடைசியில் பொடிந்துவிடும். வாஷரின் அழுத்தமும் தளர்ந்தால் லீவர் அதிரத் தொடங்கும். நீங்கள் சொல்லும் கிர்ர் சத்தம் அதுதான்.

"இத்தனை சின்னத் துண்டு தேய்ந்தால் இவ்வளவு ஆட்டமா?" என்று கேட்பீர்கள். லீவர் ஒரு நெம்புகோல். உருண்டைக்கு மேலே உள்ள நீளம் கீழே உள்ளதைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், உங்கள் உள்ளங்கையில் அது 5 மில்லிமீட்டராக வந்து நிற்கும்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் பக்கத்திலேயே புகைக்குழாய் போகிறது. சமமான தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் விடுங்கள். ஜாக்கி தேவையில்லை, எல்லாமே உள்ளே உட்கார்ந்தபடி செய்கிற வேலை. லீவர் குமிழைக் கழற்றி, நடு கன்சோலைத் தூக்கினால் பெரிய ரப்பர் உறை தெரியும். அதற்குக் கீழே சின்ன உறை ஒன்று. அதைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளுக்கு 10 ஸ்பேனர். போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துணியால் துடைத்தெடுங்கள். இந்த ஒரு காரியத்துக்கு நான் அரை மணி நேரம் ஒதுக்குவேன். அந்த மண் உள்ளே விழுந்தால் நல்லது செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்கியதாகிவிடும். லீவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு நேராக மேலே இழுங்கள்.

இங்கேதான் நான் முதல்முறை மாட்டிக்கொண்டேன். லீவர் வந்தது, அடித் தொப்பி வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் கறுப்பு எண்ணெயில் துண்டு துண்டாக மிதக்கிறது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, செய்தித்தாளில் பரப்பி, உடைந்த பானையை ஒட்டுவது போலச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு துண்டு குறைந்தது. உடனே நீளக் கம்பியில் காந்தத்தைக் கட்டிக் குழிக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தேன். நைலானைக் காந்தம் பிடிக்காது என்பது உறைக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. கடைசியில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் ரப்பர் குழாயை மாட்டி எண்ணெயை உறிஞ்சியபோது, அந்தத் துண்டு குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. நீங்களும் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். முழுத் தொப்பி உருவாகும் வரை புதியதைப் போடாதீர்கள்.

எண்ணெய் என்றேன் அல்லவா? அந்தக் கழுத்துக்குள் தனியாக ஒரு குட்டித் தொட்டி இருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். பழையதை முழுவதும் உறிஞ்சிவிட்டு, ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 கியர் எண்ணெய் ஏறக்குறைய 90 மில்லி ஊற்றுங்கள். ஜிஎல்-5 என்று மட்டும் போட்ட டப்பா வேண்டாம். அதில் கூடுதலாக இருக்கும் கந்தகக் கலவை பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. பழைய எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சின்ன ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் தண்ணீர் மட்டுமல்ல, சூடும் சத்தமும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். புஷ் வாங்கும்போதே உறையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், இரண்டு முறை பிரிக்கிற வேலை மிச்சம்.

புதிய தொப்பியைக் கையால் அழுத்தினாலே உட்காரும். விறைப்பாக இருந்தால் வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்து, ஈரம் துடைத்துவிட்டு அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். உருண்டைகளில் மெலிதாக கிரீஸ் தடவி, இழுத்தது போலவே நேராக இறக்குங்கள். போல்ட்டுகள் அலுமினியத்தில் வெட்டிய மரைக்குள் போகின்றன, 9 நியூட்டன்-மீட்டர் இறுக்கம் போதும். மூடுவதற்கு முன் எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். முதல் சில நாள் லீவர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அது பழகிவிடும்.

கேள்வி: 1980-ஆம் வருட போர்ஷே 911-இல் எல்லா புஷ்ஷும் நானே மாற்றினேன். ஆட்டம் போய்விட்டது. ஆனால் இப்போது ஐந்தாவது கியரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது கியர் சில நேரம் தானாக வெளியே வந்துவிடுகிறது. புஷ் தரம் சரியில்லையா?

பதில்: புஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள். இணைப்பைக் கழற்றும் முன் அடையாளம் போட்டீர்களா? போடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வண்டியில் லீவர் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். நடுச் சுரங்கத்துக்குள் ஒரு நீள ராடு ஓடுகிறது. அது பின் இருக்கைகளுக்கு நடுவே, கம்பளத்துக்குக் கீழே உள்ள மூடிக்கு அடியில் ஒரு இணைப்பில் போய்ச் சேர்கிறது. அந்த இணைப்பின் கவ்வியைத் தளர்த்தினால் போதும், இத்தனை வருடம் இருந்த அளவு கலைந்துவிடும். 1972 முதல் 1986 வரை வந்த 915 கியர்பாக்ஸ் வண்டிகள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

அந்த ராடு இரண்டு வேலை செய்கிறது. சுழன்றால் எந்த வரிசை என்பதைத் தேர்ந்தெடுக்கும், அதாவது ஒன்று-இரண்டா, மூன்று-நான்கா, ஐந்து-ரிவர்ஸா என்று. முன்னும் பின்னும் நகர்ந்தால் கியரை உள்ளே தள்ளும். உங்களுக்கு ஐந்தாவது கிடைக்கவில்லை, ஆகவே சுழற்சி சற்று விலகியிருக்கிறது. இரண்டாவது நழுவுகிறது, ஆகவே நீளமும் விலகியிருக்கலாம், கியர் முழு ஆழத்துக்குப் போகவில்லை. லீவரையும் கியர்பாக்ஸையும் நியூட்ரலில் வைத்து, இரண்டு பக்கத்திலும் பெயின்ட் கோடு போட்டு, பிறகு கவ்வியைத் தளர்த்தி, ஒரு தடவைக்கு ஒரே திசையில், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் நகர்த்துங்கள். இறுக்குங்கள். ஓட்டிப் பாருங்கள். சுழற்சியையும் நீளத்தையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான் ஒருமுறை ஒரு மாலை முழுவதும் அப்படித்தான் தொலைத்தேன். நீளத்தைச் சரிசெய்த பிறகும் இரண்டாவது நழுவினால் மட்டும் கியர்பாக்ஸின் உள்ளே சந்தேகப்படுங்கள்.

கேள்வி: நைலானுக்குப் பதிலாக வெண்கலப் புஷ் போட்டால் வாழ்நாள் முழுக்க வருமாமே?

பதில்: வரும். கூடவே கியர்பாக்ஸின் முனகலும் வாழ்நாள் முழுக்க வரும். நான் என் வண்டியில் வெண்கலம் போட்டு ஓட்டியிருக்கிறேன். கியர் விழும்போது கேட்கும் டக் சத்தம் முதல் வாரம் இனிமையாக இருந்தது. மூன்றாவது வாரம், நெடுஞ்சாலையில் லீவர் பாடுவதைக் கேட்க முடியாமல் கழற்றிவிட்டேன். மென்மையான புஷ் அதிர்வை விழுங்குகிறது. தேய்வதும் அதுவேதான், எஃகு ராடு தேயாமல் தப்பிக்கிறது. பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால் தாராளமாக உலோகம் போடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் அசிட்டால் என்ற பிளாஸ்டிக் இருக்கிறது, கடைகளில் டெல்ரின் என்று கேட்டால் தெரியும். நைலான் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் பருக்கும், அசிட்டால் அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் அளவு மாறாது, ஆட்டமும் குறைவு. என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ரப்பரோடு சேர்ந்து வருகிற புஷ் இருக்கும் இடத்தில் அசல் மாதிரியே போடுங்கள்.

கேள்வி: மாற்றுவதற்குப் பதில் கிரீஸை அடைத்துவிட்டால் போதாதா?

பதில்: இரண்டு நாளைக்கு நன்றாக இருக்கும். தேய்ந்து போன இடத்தை கிரீஸ் நிரப்பாது. மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தையும் அரைக்கும். துரு நீக்கும் ஸ்பிரே அதைவிட மோசம், இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். இன்னொன்று: ரப்பர் உறைகள் மேல் சாதாரண கிரீஸ் படவிடாதீர்கள், ஊதிப் பெருத்துவிடும். அங்கே சிலிகான் கிரீஸ்தான்.

கேள்வி: வேலையை ஆரம்பிக்கவே முடியவில்லை. லீவரின் குமிழ் கழல மறுக்கிறது.

பதில்: முதலில் அது திருகுமரையா, அழுத்திப் பொருத்தியதா என்று பாருங்கள். எம்எக்ஸ்-5 போலத் திருகுமரை என்றால் ரப்பர் கையுறை போட்டு இடப்பக்கமாகத் திருகுங்கள். முடி உலர்த்தியால் ஒரு நிமிடம் சூடு காட்டினால் பழைய பசை இளகும். அழுத்திப் பொருத்தியது என்றால் மேல்நோக்கி இழுக்கத்தான் வேண்டும். இழுக்கும்போது முகத்தை லீவருக்கு நேர் மேலே வைக்காதீர்கள். அது விட்டுக்கொடுக்கும்போது சொல்லிக்கொண்டு வராது. என் கீழ் உதட்டில் இரண்டு தையல் போட்டார்கள்.