நிதானமாகச் சுற்ற ஒரு நாள். கையில் ஏழு இடங்களின் பட்டியல்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது, கணவருக்கு 41. திருமணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. வரும் ஜனவரி தொடக்கத்தில் பையனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் நான்கு நாள் பாங்காக் போகிறோம். அதில் ஒரு நாளாவது அவசரமே இல்லாமல் சுற்ற வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நேற்று அந்த நாளுக்கான பட்டியலைக் காட்டினார்: அரண்மனை, வாட் போ, வாட் அருண் கோயில்கள், சைனாடவுன், ஒரு மால், ஒரு சந்தை, இரவில் படகுச் சவாரி. ஏழு இடம்!

போன முறை வெளிநாடு போனபோதும் இதே கதைதான். மதியம் ஒன்றரை மணி, உச்சி வெயில், நான் சைவம். சாப்பிட இடம் கிடைக்காமல் நடுரோட்டில் சண்டை. ராத்திரி வரை பேச்சில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நாலடி முன்னால் போய்விடுவார், நான் பின்னால் ஓட வேண்டும். கேட்டால், "சரி, எங்க போகணும்னு நீயே சொல்லு" என்கிறார். எனக்கு எங்கே போனாலும் சரிதான், நிம்மதியாக இருந்தால் போதும். அதைச் சொன்னால் அதற்கும் கோபம். எங்களுக்குள் ஒத்தே போகாதோ என்று பயமாக இருக்கிறது.

- பெயர் வெளியிட வேண்டாம், ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

ஒத்துப்போகாத தம்பதி என்று சொல்ல உங்கள் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. பசியும் வெயிலும் நீளமான பட்டியலும்தான் இருக்கின்றன. கூடவே நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: "எங்கே போனாலும் சரிதான்." அவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்கும் வேலை முழுக்க அவர் தலையில், மார்க் போடுவது நீங்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரியாதவர், ஏழில் ஒன்றாவது பிடிக்காதா என்று ஏழையும் எழுதி வைப்பார். (பிறவிப் பட்டியல்காரர்களும் உண்டு. அவர் அந்த ரகமாகவும் இருக்கலாம்.)

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒன்று செய்யுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு, ஆளுக்கு ஒரே ஒரு காரியம். "எங்கயாவது" செல்லாது. "ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரணும்" செல்லும். அந்த நாளுக்கு அந்த இரண்டு மட்டும்தான். மிச்சமுள்ளவை மற்ற மூன்று நாளுக்குப் போகட்டும்.

முதலில் இடம்பெயர வேண்டியது அரண்மனை. அதுவே அரை நாளைச் சாப்பிட்டுவிடும். தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும், கூட்டம் அதிகம், நிழல் குறைவு, மாலை மூன்றரைக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அந்தப் பக்கம் நடந்து போகும்போது யாராவது நல்லவராக வந்து, "இன்னைக்கு மூடியிருக்கு, டுக்டுக்கில் வேற இடம் காட்டறேன், காசு கொஞ்சம்தான்" என்றால் நிற்காமல் நடங்கள். அந்த டுக்டுக் போய் நிற்பது ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோதான். ஏமாந்த பணத்தை விட, "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தைதான் அன்றைய நாளைக் கெடுக்கும். அதை இருவருமே சொல்வதில்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அவர் சீட்டில் வாட் போ வரலாம். காலை எட்டுக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். மெட்ரோவின் நீல வழித்தடத்தில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. கயிறு கட்டும் ஷூ வேண்டாம், செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். சாய்ந்த நிலையில் இருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். நேரே பாதத்துக்குப் போங்கள். முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள் அங்கே இருக்கின்றன. சிலைக்குப் பின்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். அங்கேயே சில்லறை வாங்கி, கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது வழக்கம். முன்னால் போகிறவர் போடும் ஓசையும் பின்னால் வருகிறவர் போடும் ஓசையும் கலந்து கேட்கும். கை முழுக்கச் சில்லறை இருக்கும்போது போனைப் பார்க்க முடியாது, நாலடி முந்தவும் முடியாது.

அங்கிருந்து தா தியன் துறைக்கு நடந்து, அக்கரைப் படகில் ஏறினால் சில நிமிடத்தில் வாட் அருண். கட்டணம் தலைக்குப் பத்து பாத்துக்கும் குறைவு. இரவுப் படகுச் சவாரிக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. மேலே ஏறும் படிகள் செங்குத்து, முழங்கால் வலி இருப்பவர் கீழே உட்கார்ந்துவிடலாம். உங்கள் ஆற்றங்கரை ஒரு மணி நேரம் இங்கேயே கிடைக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நீங்கள் போன முறை கோட்டைவிட்டீர்கள். பதினொன்றரைக்கு எங்கே சாப்பிடுவது என்பதை முந்தின ராத்திரியே முடிவு செய்யுங்கள். பசித்த பிறகு தேடக் கூடாது. தாய்லாந்தில் "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், இறால் விழுது சேர்ப்பார்கள். "ஜே" என்று கேளுங்கள், அதுதான் அங்கே சுத்த சைவம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளில் கிடைக்கும். பால், முட்டை மட்டுமில்லை, வெங்காயம் பூண்டும் இருக்காது. சனாம் சாய்க்கு அடுத்த நிலையமான சாம் யோட்டில் இறங்கினால், பாஹுரத் பகுதியில் இந்தியச் சாப்பாடே கிடைக்கும்.

சாம் யோட் வரை போனதால் ஒரு யோசனை. அங்கிருந்து சற்று நடந்தால் வாட் சுதாட் கோயில் முன்னால் சிவப்பு நிறத்தில் ராட்சத மர ஊஞ்சல் நிற்கும். 1935 வரை அதில் ஊஞ்சலாடும் சடங்கு நடந்தது. அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய், நம் மாணிக்கவாசகரின் திருவெம்பாவைதான் அப்படித் திரிந்திருக்கிறது. நீங்கள் போவதும் மார்கழியில். அவர் பட்டியலில் இல்லாத இந்த இடத்தை நீங்கள் சொன்னால், உங்கள் சீட்டில் எழுத ஒரு காரியம் கிடைத்துவிடும்.

பன்னிரண்டரை முதல் நாலு மணி வரை அறை. ஏசி, குளியல், தூக்கம். ஜனவரி அங்கே குளிர்காலம் என்பார்கள், ஆனாலும் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். இதை அவர் வீண் என்பார். தூங்க வேண்டாம் என்றால் அவர் மட்டும் வெளியே போய்வரட்டும், திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு. நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அறையை சிலோம் நிலையத்துக்கு அருகில் எடுத்தால், சாம் யோட்டிலிருந்து அதே ரயிலில் நாலாவது நிறுத்தம்.

நாலடி முன்னால் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. பாங்காக் நடைபாதையில் பாதியைத் தள்ளுவண்டிகள் பிடித்துக்கொள்ளும், இருவர் சேர்ந்து நடக்கப் பல இடத்தில் வழியே இருக்காது. அதை உங்கள் மேல் அக்கறையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரயிலிலிருந்து இறங்கியதும் போனை நீங்கள் வாங்கி வழி சொல்லுங்கள். நடையின் வேகம் தானாக உங்கள் வேகத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு சண்டை வந்தால்? தம்பதிகளின் சண்டையைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஜான் காட்மன் சொல்வது இது: கோபத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது. அடங்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. "ஏதாவது குடிக்கலாமா" என்பதை உங்களுக்குள் சங்கேத வார்த்தையாக வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் மற்றவர் மறுக்காமல் பக்கத்து ஏசி கடைக்குள் நுழைய வேண்டும். இருபது நிமிடம் எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சை ராத்திரி வரை நிறுத்துவது இதில் சேராது, அது தண்டனை.

நாலரைக்கு மேல் லும்பினி பூங்கா. சிலோம் நிலையத்திலிருந்து வெளியே வந்தாலே தெரியும். குளக்கரையில் ஆள் நீளத்துக்கு உடும்புகள் சாவதானமாக நடந்து போகும். மிதிபடகு உண்டு. சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்பார்கள், நீங்களும் நிற்க வேண்டும். அது முடிந்து எல்லோரும் மறுபடி ஓடத் தொடங்கும்போது அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, "அடுத்து எங்க?" என்பார். அப்போது ஒரு இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.