கடை கம்ப்யூட்டருக்கு டைம் சர்வர் வாங்க வேண்டுமா?

கேள்வி: விருதுநகரில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் ஐந்து விண்டோஸ் கம்ப்யூட்டரும் ஆளுக்கொரு மணி காட்டுகின்றன. ஒன்று 7 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. நெட்டில் கிடைத்த ஒரு ஐபி எண்ணைப் போட்டேன், நாலு மாதத்தில் நின்றுவிட்டது. சர்வீஸ்காரர், சரியான மணியை இணையம் வழியே கம்ப்யூட்டருக்குச் சொல்லும் 'டைம் சர்வர்' என்று வருடத்துக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூட வேண்டாம். என்டிபி பூல் என்று நேர சர்வர்களின் கூட்டம் ஒன்று 2003 முதல் இலவசமாக ஓடுகிறது. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் சர்வரை அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்த நேரத்தில் வேலை செய்கிற சில சர்வர்களை அதுவே காட்டிவிடும். நீங்கள் போட்டதோ ஒரே ஒருவரின் வீட்டு எண். அவர் காலி செய்துகொண்டு போயிருப்பார், உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணைப் போடவே போடாதீர்கள். 2003-இல் அமெரிக்காவில் நெட்கியர் கம்பெனியின் ரௌட்டர்கள் சிலவற்றில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேர சர்வர் எண்ணை உள்ளேயே பதித்து விற்றுவிட்டார்கள். அத்தனை ரௌட்டரும் ஒரே வாசலில் போய் மொய்த்து, பல்கலைக்கழகம் திணறிப்போனது.

கண்ட்ரோல் பேனலில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், இணைய நேரம் என்ற தாவலைத் திறந்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். சர்வர் கட்டத்தில் 'இன் டாட் பூல் டாட் என்டிபி டாட் ஆர்க்' என்பதை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து, அப்டேட் பொத்தானை அழுத்துங்கள். முதல் தடவை பிழை காட்டினால் இன்னொரு தடவை அழுத்துங்கள். அப்புறம் டைம் ஸோன் சென்னை, கொல்கத்தா என்று 5:30-இல் இருக்கிறதா பாருங்கள். அது தப்பாக இருக்க, கடிகாரத்தைக் கையால் திருத்துவதுதான் நம் ஆட்களின் வழக்கம்.

இன்னொரு விஷயம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் மத்திய அரசின் கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசி அல்லது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றின் வழியில் வரும் சர்வரோடு இணைய வேண்டும். உங்கள் கடையும் இதில் வருமானால் பூலை விட்டுவிட்டு அந்தச் சர்வரின் முகவரியைப் போடுங்கள், அதுவும் இலவசம்தான். வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவு போட்டவர்கள் கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் தமிழில் எழுதியிருந்தால் நானும் ஆடிட்டரைக் கைகாட்ட வேண்டியிருக்காது.

கரண்ட் போய் வந்ததும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் பழைய வருடத்துக்குப் போய்விட்டால், அதன் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெயர் சிஆர்2032, பேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும். 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விண்டோஸ் வழக்கமாகத் தானாகத் திருத்தாது. பேட்டரியை மாற்றி, தேதியைக் கையால் கிட்டத்தட்ட வைத்த பிறகே அப்டேட் பொத்தான். இதற்கு மதர்போர்டையே மாற்றச் சொல்லும் சர்வீஸ்காரர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் பழைய பேட்டரியைக் கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.