வெள்ளை அட்டையும் நல்ல தேர்தலும்

அன்புள்ள ஐயா,

மியன்மார் பற்றிய உங்கள் குறிப்பில், "ராணுவம் பிடியைத் தளர்த்தி இறங்கி வந்தபோதுதான் ரோஹிங்கியாக்களின் நிலை இன்னும் மோசமானது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஐம்பது வருடம் ஆண்டது ராணுவம். அந்த முஸ்லிம் சிறுபான்மையினரை விரட்டியதும் ராணுவம். 2011க்குப் பிறகு தேர்தல், பத்திரிகைச் சுதந்திரம் என்று வந்ததை ஏன் குறை சொல்ல வேண்டும்?

இன்னொன்று. என் தாத்தா ரங்கூனில் பிறந்து, 1964இல் கப்பலில் திரும்பி வந்தவர். விரலில் இருந்த மோதிரத்தைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்பார். அவரிடம் ரோஹிங்கியாக்கள் பற்றிக் கேட்டால், "அவங்க சிட்டகாங்லேருந்து வந்தவங்கப்பா, பர்மாக்காரங்களே கிடையாது" என்கிறார். அங்கேயே வாழ்ந்தவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முருகேசன், காரைக்குடி

அன்புள்ள முருகேசன்,

தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன். ரங்கூன் தெருவில் பர்மியர்கள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'கலா' என்று சொல்லியிருப்பார்கள், இந்தியத் தோற்றம் உள்ளவர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். வட்டித்தொழில் செய்த செட்டியாரும் கலா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கலா, அரக்கானில் (இன்றைய ரக்கைன் மாநிலம்) உழுது பிழைத்த முஸ்லிமும் கலா. 1930களின் பெருமந்தத்தில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. காரைக்குடிக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோபம் ஒரு சென்ட் நிலம் இல்லாத கூலிகள் மீதும் இறங்கியது. 2012இல் சிட்வே நகரில் ரோஹிங்கியாக்களின் வீடுகள் எரிந்தபோது வாயில் வந்ததும் இதே சொல்தான்.

சிட்டகாங் (இன்று வங்கதேசத்தில் இருக்கிறது) கதை பாதி உண்மை. 1826இல் ஆங்கிலேயர் அரக்கானைப் பிடித்த பிறகு, அறுவடைக்கும் நிலத்துக்குமாக அங்கிருந்து நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1799இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், அரக்கானில் நெடுங்காலமாக இருக்கும் முஸ்லிம்கள் தங்களை 'ரூயிங்கா' என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். சரி, வாதத்துக்கு எல்லாருமே ஆங்கிலேயர் காலத்தில் வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நூறு வருஷம், நாலு தலைமுறை. அது போதாதா? 1960களின் தொடக்கத்தில் பர்மா அரசு வானொலியே ரோஹிங்கியா மொழியில் நிகழ்ச்சி நடத்தியது. அப்புறம் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1982இல் அவர் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனங்களைத்தான் சொந்த இனங்களாக ஏற்றது. பின்னால் 135 'தேசிய இனங்கள்' என்று ஒரு பட்டியலும் புழக்கத்துக்கு வந்தது. அதில் ரோஹிங்கியா என்ற பெயர் இல்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. அதற்கு ஒரு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மியன்மாரில் குடியுரிமை அட்டைக்கு நிறம் உண்டு. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, அதற்குக் கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு நீலமும் பச்சையும். பழைய அட்டைகளை வாங்கிக்கொண்டு புதியவை கொடுத்தபோது, ரோஹிங்கியாக்களில் பலருக்குப் பழையது போனது, புதியது வரவில்லை. 1995 முதல் வெள்ளை அட்டை கொடுத்தார்கள். தற்காலிகப் பதிவு, அவ்வளவுதான். பக்கத்து ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், கல்யாணத்துக்கும் அனுமதி வேண்டும். ஆனால் அந்த அட்டையை வைத்து ஓட்டுப் போடலாம்.

2010இல் ராணுவம் நடத்திய தேர்தல் பெயருக்கு நடந்த ஒன்று. ஜனநாயக இயக்கத் தலைவர் ஆங் சான் சூ கீ வீட்டுக்காவலில் இருந்தார், அவர் கட்சி போட்டியிடவில்லை. அந்தத் தேர்தலில் ரோஹிங்கியாக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். புத்திடாங் தொகுதியிலிருந்து ஷ்வே மௌங் என்ற ரோஹிங்கியா நாடாளுமன்றத்துக்கே போனார், அதுவும் ராணுவத்தின் கட்சி சார்பில். ராணுவத்துக்குப் பாசம் பொங்கிவிடவில்லை. ரக்கைன் மாநிலத்தில் ரக்கைன் பௌத்தர்களின் கட்சி வலுவாக இருந்தது, அதை எதிர்க்க இந்த ஓட்டு தேவைப்பட்டது.

2015 தேர்தல் உலகமே பாராட்டிய தேர்தல். அந்த ஆண்டு பிப்ரவரியில், வெள்ளை அட்டைக்காரர்களும் வாக்களிக்கலாம் என்ற சட்ட ஏற்பாட்டை எதிர்த்து யாங்கூனில் (பழைய ரங்கூன்) பிக்குகள் ஊர்வலம் போனார்கள். அதிபர் தெய்ன் செய்ன் அன்றே பின்வாங்கினார். மார்ச் 31ஆம் தேதியோடு அட்டை செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு ஒரு ரசீது தந்தார்கள். இருபது வருஷம் சட்டைப்பையில் இருந்த அடையாளத்துக்குப் பதில் ஒரு துண்டுக் காகிதம். ஷ்வே மௌங் மறுபடி நிற்க மனுப் போட்டார். அவர் பெற்றோர் குடிமக்கள் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். ஐந்து வருஷம் எம்.பி.யாக இருந்தவர்! சூ கீயின் கட்சி ஆயிரத்துக்கு மேற்பட்ட வேட்பாளர்களை நிறுத்தியது, அதில் ஒரு முஸ்லிம் கூட இல்லை. ஜெயித்து வந்த நாடாளுமன்றத்திலும் ஒரு முஸ்லிம் கூட இல்லை.

நான் அந்த வரியை எழுதியது இதனால்தான். பட்டியலைப் போட்டது ராணுவம், அதை நான் மறக்கவில்லை. ஆனால் ராணுவ ஆட்சியில் தலைகளை எண்ண வேண்டிய அவசியம் இல்லை. தேர்தல் வந்ததும் யார் தலை கணக்கில் சேரும் என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. ஜனநாயகவாதிகள் அந்தப் பட்டியலைக் கிழிக்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டார்கள். தணிக்கை 2012இல் போனது. பல நூறு டாலர் விற்ற சிம் கார்டு 2014இல் இரண்டு டாலருக்கும் கீழே வந்தது. முதன்முதலில் பேச வாய்ப்புக் கிடைத்தவர்கள் ஃபேஸ்புக்கில் ரோஹிங்கியாக்கள் மீது எவ்வளவு வெறுப்பைக் கொட்டினார்கள் என்பது ஊரறிந்த கதை.

ரக்கைன் பௌத்தர்களையும் வில்லன்களாக்கிவிட எனக்கு மனமில்லை. அவர்களுக்கென ஒரு அரசு இருந்தது. 1784–85இல் பர்மிய அரசன் படையெடுத்து அதை அழித்து, அவர்களின் மகாமுனி புத்தர் சிலையையே தூக்கிக்கொண்டு போனான். இன்றும் அது மாண்டலேயில்தான் இருக்கிறது. நாட்டிலேயே மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று அவர்களுடையது. மேலே பர்மியன், பக்கத்தில் முஸ்லிம், நடுவில் நாம் நசுங்குகிறோம் என்ற அவர்களின் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தை எந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது.

ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் சூ கீயின் மௌனத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது கோ நீ. முஸ்லிம், வழக்கறிஞர், சூ கீயின் கட்சிக்குச் சட்ட ஆலோசகர். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் சூ கீ அதிபராக முடியாது என்று 2008 அரசமைப்பு தடுத்தபோது, 'அரச ஆலோசகர்' என்ற பதவிக்கு வழி கண்டுபிடித்தவர் அவர்தான். 2017 ஜனவரி 29 அன்று யாங்கூன் விமான நிலைய வாசலில், பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு டாக்ஸிக்காக நின்றவரைப் பின்னாலிருந்து தலையில் சுட்டார்கள். கொலைகாரனைத் துரத்திய டாக்ஸி ஓட்டுநர் நே வின்னும் சுடப்பட்டுச் செத்தார் (சர்வாதிகாரியின் அதே பெயர்தான்). இறுதிச் சடங்குக்கு சூ கீ போகவில்லை.

ஏழு மாதம் கழித்து ஆகஸ்ட் 25 வந்தது. ரோஹிங்கியா ஆயுதக் குழு ஒன்று காவல் சாவடிகளைத் தாக்க, ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்தியது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாஃப் ஆற்றைத் தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்குப் போனார்கள். 2019 டிசம்பரில் சூ கீ ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்கே நேரில் போய் அந்த ராணுவத்துக்காக வாதாடினார். அதே ராணுவம்தான் 2021 பிப்ரவரியில் அவரைச் சிறையில் தள்ளியது. ரோஹிங்கியாக்களிடம் மன்னிப்புக் கேட்டு பர்மிய இளைஞர்கள் எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2024இல் ஆள் பற்றாக்குறை வந்ததும் ராணுவம் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. குடிமக்களுக்கான சட்டம். முகாம்களில் கிடந்த ரோஹிங்கியா இளைஞர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மூட்டை அரிசியும் குடியுரிமை அட்டையும் தருவதாகச் சொன்னார்களாம்.

உங்கள் தாத்தா காலத்தில் அங்கிருந்த இந்தியர்களிடம் எஃப்.ஆர்.சி. என்று ஒரு வெளிநாட்டார் பதிவுப் புத்தகம் இருக்கும். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிப்பார்கள். அங்கேயே பிறந்த பலருக்கும் அதுதான். தாத்தாவின் பெட்டியில் அது இன்னும் கிடக்கிறதா, அதில் பிறந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அவருக்கு என் வணக்கம்.